96 லேப்டாப்பில் 61-க்கு வயசாகிவிட்டது: எம்எஸ்பி கிளையன்டுக்கு மாற்று பட்ஜெட் எப்படிப் போடுவது?

அல்சூர்_அட்மின் எழுதியது:

நாங்கள் எம்எஸ்பி, அதாவது பிற நிறுவனங்களின் கணினிகளைக் கட்டணத்துக்குப் பராமரிப்பவர்கள். எங்கள் கிளையன்ட் பெங்களூரு கோரமங்களாவில் ஒரு கணக்குச் சேவை நிறுவனம். 2026-27 பட்ஜெட்டுக்குள் ஹார்டுவேர் மாற்றுத் திட்டம் கொடுக்க வேண்டும். பதிவேட்டில் இருப்பது:

லேப்டாப் 96. 2018-19-இல் வாங்கியவை 9, 2020-21-இல் வீட்டு வேலைக்காக அள்ளி வாங்கியவை 52, 2023-24-இல் 18, 2024-25-இல் 17.
சர்வர் 1. 2019-இல் வாங்கியது. விண்டோஸ் சர்வர் 2016, அதன்மேல் எஸ்கியூஎல் சர்வர் 2016 (டேட்டாபேஸ் மென்பொருள்).
நான்கு டிரைவ் நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) 1, ஃபயர்வால் 1 (சந்தா நவம்பரில் முடிகிறது), 24 போர்ட் பிஓஇ (கேபிள் வழியே மின்சாரமும் தரும்) ஸ்விட்ச் 3, வைஃபை ஆக்சஸ் பாயின்ட் 8.
5 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ். 12 வோல்ட் 26 ஏஎச் பேட்டரி 16. கடைசியாக 2022-இல் மாற்றியவை.

நாலு வருஷச் சுழற்சி என்று வைத்தால் 61 லேப்டாப் ஏற்கெனவே கெடு தாண்டியவை. ஒன்று 62,000 (ஜிஎஸ்டி தனி) என்றால் 37,82,000 ரூபாய். இவ்வளவையும் ஒரே வருஷத்தில் கிளையன்ட் தரமாட்டார். தந்தாலும் 2030-இல் இதே மலை திரும்ப வந்து நிற்கும். மலையை உடைத்துச் சமமாக்குவது எப்படி, எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடவே கூடாது? அனுபவமுள்ளவர்கள் எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

நடுராத்திரி_பேட்ச் எழுதியது:

பணத்துக்குப் போறதுக்கு முன்னாடி, அந்த 96 நிஜமா 96 தானான்னு பாருங்க சார். ஆர்எம்எம் கருவி (தூரத்துல இருந்து மெஷின்களைக் கண்காணிக்கிற மென்பொருள்) சொல்ற எண்ணிக்கையை அப்படியே பட்ஜெட்ல ஏத்தறதுதான் முதல் தப்பு. அதுல நாலு வகைப் பிழை வரும்.

ஒண்ணு, மதர்போர்டு மாத்தின மெஷின். சர்வீஸ் ஆள் புது போர்டுல சீரியலை எழுதாம விட்டா பயாஸ்ல (போர்டுலயே இருக்கிற தொடக்க மென்பொருள்) அந்த இடம் காலியா இருக்கும், இல்லேன்னா தொழிற்சாலையில போட்ட பொதுவான வாசகமே நிக்கும். ஏஜென்ட் (மெஷின்ல நாம போட்டிருக்கிற கண்காணிப்பு நிரல்) அதைப் புது மெஷின்னு நினைச்சு இன்னொரு வரி சேர்த்துடும். ஒரே லேப்டாப் ரெண்டா தெரியும். ஆட்டோபைலட்ல (புது மெஷினைத் தானா அமைக்கிற மைக்ரோசாஃப்ட் சேவை) பதிஞ்சிருந்தா மெஷினோட அடையாளக் குறியான ஹார்டுவேர் ஹாஷும் மாறியிருக்கும், பழசை நீக்கிட்டு புதுசாப் பதியணும்.

ரெண்டு, அலமாரியில பூட்டி வெச்சது. 60 நாளா ஆன்லைன் வராததை எல்லாம் தனியா எடுத்து ஒவ்வொண்ணையும் கண்ணால பாருங்க. வேலையை விட்டுப் போனவங்க திருப்பித் தராததும் இந்தக் கூட்டத்துலதான் ஒளிஞ்சிருக்கும்.

மூணு, ஏஜென்ட் போட முடியாததெல்லாம்: யூபிஎஸ், மானிட்டர், டாக், பயோமெட்ரிக் மெஷின், கேமரா ரெக்கார்டர். பட்ஜெட்ல விட்டுப்போறது எப்பவும் இதுங்கதான்.

நாலு, வாரன்டி தேதி. இன்வாய்ஸ் தேதியோட மூணு வருஷம் கூட்டிப் போடாதீங்க. சீரியல் எண்ணை கம்பெனி தளத்துல போட்டுப் பாருங்க. டிஸ்ட்ரிபியூட்டர் குடோன்ல நாலு மாசம் கிடந்த சரக்குன்னா வாரன்டி அங்கிருந்தே ஓட ஆரம்பிச்சிருக்கும். இன்வாய்ஸை இணைச்சுக் கேட்டா தேதியைத் திருத்தித் தருவாங்க, ஆனா அது வாங்கின புதுசுல செய்ய வேண்டிய வேலை. லேப்டாப்புக்கு மூணு வருஷ வாரன்டி இருந்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம்தான். அதுக்குத் தனிக் கட்டம் வைங்க.

ஸ்டிக்கரை அடியில காத்து போற ஓட்டை மேல ஒட்டாதீங்க. அது சூடாகி உரிஞ்சுடும். கீல் பக்கத்துல கை படாத இடம் சரியா இருக்கும்.

ரேக்42 எழுதியது:

நடுராத்திரி_பேட்ச் அக்கா சொன்னதை முடிச்சிட்டு, வரிகளை வயசு வாரியா பிரிக்காம கெடு வாரியா பிரிங்க. நம்ம கையில இல்லாத தேதி எது, நம்ம கையில இருக்கிற தேதி எது. மாற்று பட்ஜெட்டே இந்த ஒரு பிரிவுலதான் நிக்குது.

இந்த கிளையன்ட்ல நம்ம கையில இல்லாதவை:

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. அந்த 9 லேப்டாப் 7-ஆம் தலைமுறை இன்டெலா இருந்தா விண்டோஸ் 11 அதிகாரபூர்வமா ஏறாது, 8-ஆம் தலைமுறை வேணும், டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப் வேணும். நீட்டிப்புப் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு முதல் வருஷம் ஒரு மெஷினுக்கு 61 டாலர், வருஷா வருஷம் இரட்டிப்பு. ரெண்டாம் வருஷத்துல சேர்ந்தாலும் முதல் வருஷக் காசையும் கட்டணும். டாலர் 90 ரூபாய்னு போட்டா முதல் வருஷம் 5,490, அடுத்தது 10,980. ஏழு எட்டு வருஷப் பழைய மெஷினுக்கு இது தண்டம். 9-ஐயும் ஏப்ரலுக்குக் காத்திருக்காம இப்பவே மாத்துங்க.

எஸ்கியூஎல் சர்வர் 2016 ஆதரவு முடியறது: 2026 ஜூலை 14.
விண்டோஸ் சர்வர் 2016 ஆதரவு முடியறது: 2027 ஜனவரி 12.

இந்த ரெண்டு தேதியும் ஒரே பட்ஜெட் வருஷத்துல விழுது. ஜூலைக்கு முன்னாடி சர்வர் வந்து, டேட்டாபேஸ் மாறி, பேக்கப் திருப்பி எடுத்துப் பார்த்தது முடியணும்னா மார்ச்சிலேயே பிஓ (கொள்முதல் ஆணை) போகணும்.

இன்னொண்ணு, நிறைய பேர் கவனிக்கல. செக்யூர் பூட்டுக்கு (நம்பகமான மென்பொருளை மட்டும் வெச்சு மெஷினைத் தொடங்க விடுற பாதுகாப்பு) மைக்ரோசாஃப்ட் 2011-ல கொடுத்த சான்றிதழ்கள் 2026 ஜூன்ல இருந்து காலாவதியாக ஆரம்பிக்குது. மெஷின் நின்னுடாது, ஆனா பூட் பகுதிக்கு வர பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காமப் போகும். புது சான்றிதழ் ஏறுறதுக்கு சில பழைய மெஷின்ல பயாஸ் அப்டேட் வேணும். உங்க 52-ல எந்தெந்த மாடலுக்குக் கம்பெனி இன்னும் பயாஸ் தருதுன்னு பாருங்க. தராத மாடலை முதல் தவணையில தள்ளுங்க. அள்ளி வாங்கின காலத்துல கிடைச்சதை வாங்கியிருப்பாங்க, அஞ்சாறு மாடல் கலந்திருக்கும்.

ஒசூர்_எல்லை எழுதியது:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. 100 பேருக்குள்ள இருக்கிற கிளையன்டுக்கு இவ்வளவு திட்டம் தேவையா? 10-ஆம் தலைமுறை ஐ5, எஸ்எஸ்டி இருந்தா விண்டோஸ் 11 நல்லாவே ஓடுது. உடையும்போது ஒண்ணு மாத்தினா போதாதா? வாரன்டி இல்லாத மெஷினுக்கு ஸ்பேர் நாலு வெச்சுக்கிட்டா வேலை நிக்காது. காசு கிளையன்ட் கையிலேயே இருக்கும்.

ரேக்42 எழுதியது:

@ஒசூர்_எல்லை மானிட்டர், கீபோர்டு, பிரிண்டருக்கு நீங்க சொல்றது முழுசாச் சரி, அதுங்களைச் சுழற்சியிலேயே சேர்க்க வேண்டாம். மானிட்டர் ஏழெட்டு வருஷம் ஓடும்.

லேப்டாப்புக்கு அது ஒத்துவராததுக்குக் காரணம், ஒரே மாசத்துல வாங்கின ஒரே மாடல் ஒரே காலத்துல விழ ஆரம்பிக்கும். பேட்டரி, கீல், விசிறி மூணும் ஐந்தாம் ஆறாம் வருஷத்துல வரிசையா வரும். பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கினா அன்னிக்கே எடுத்தாகணும், அதுல ஆபத்து இருக்கு. 52 மெஷின்ல ஒரு மாசத்துக்கு மூணு போச்சுன்னா ஸ்பேர் நாலும் நாப்பது நாள்ல காலி. அப்புறம் ஒண்ணொண்ணா அவசர பிஓ: அன்னிக்கு எது ஸ்டாக்ல இருக்கோ அதான் மாடல், அன்னிக்குச் சொல்ற விலைதான் விலை. மூணு வருஷம் கழிச்சு 12 மாடல், 5 வகை சார்ஜர், 12 டிரைவர் தொகுப்பு. இமேஜ் (எல்லா மெஷின்லயும் ஏத்துற தயார் அமைப்பு) பராமரிக்கிற நேரமே எம்எஸ்பி லாபத்தைத் தின்னுடும்.

இப்போ விலையும் பிரச்சினை. 2025 கடைசியில இருந்து ராம், எஸ்எஸ்டி விலை ஏறிக்கிட்டே இருக்கு, ஏஐ சர்வருக்கு மெமரி போறதால. 8 ஜிபியை 16 ஆக்கி ரெண்டு வருஷம் ஓட்டலாம்ங்கிற பழைய கணக்கையும் புது விலையில போட்டுப் பாருங்க. ராம், பேட்டரி ரெண்டும் சேர்ந்து புது மெஷின் விலையில கால் பங்கைத் தாண்டினா விட்டுடுங்க.

நடுராத்திரி_பேட்ச் எழுதியது:

52-ல எது முதல்லன்னு தேர்ந்தெடுக்க நாலு எண் போதும்: பயாஸ் வருதா, பேட்டரியோட முழுக் கொள்ளளவு டிசைன் அளவுல எத்தனை சதவீதம் (விண்டோஸ் பேட்டரி ரிப்போர்ட்ல இருக்கு), எஸ்எஸ்டி தேய்மானம் (ஸ்மார்ட் விவரத்துல), கடைசி 12 மாசத்துல ஹார்டுவேர் டிக்கெட் எத்தனை. பேட்டரி 60 சதவீதத்துக்குக் கீழ, டிக்கெட் ரெண்டுக்கு மேல இருந்தா முதல் தவணை. அதுக்கப்புறம்தான் யாரோட மெஷின்ங்கிற கேள்வி. பதவி வாரியா ஆரம்பிச்சா நல்ல மெஷின் மாறும், செத்த மெஷின் அப்படியே இருக்கும். பெரிய எக்செல் ஓட்டுற ஆடிட் ஆட்கள் முதல்ல, வரவேற்பு மேசை கடைசி.

ரேக்42 எழுதியது:

இப்போ மலையை உடைக்கிற கணக்கு. ஒரே சுற்றுல சமமாகாது, ரெண்டு சுற்று பிடிக்கும். இதை கிளையன்டுக்கு முதல் நாளே சொல்லிடுங்க.

முதல் சுற்று:
2026-27: 9 (இப்பவே வாங்கினாலும் இந்தத் தவணைக் கணக்குதான்) + 52-ல மோசமான 21 = 30
2027-28: மீதி 31
2028-29: 2023-24-ல வாங்கின 18
2029-30: 2024-25-ல வாங்கின 17

மொத்தம் 96. கடைசி 35-ம் அஞ்சு வருஷம் ஓடணும். அதனால அதுங்களோட மூணு வருஷ வாரன்டி முடியறதுக்கு முன்னாடியே ரெண்டு வருஷ நீட்டிப்பு வாங்கிடுங்க. முடிஞ்சப்புறம் கேட்டா ஒண்ணு கிடைக்காது, இல்லேன்னா விலை கூடும். 2023-24 சரக்குக்கு அந்தக் கெடு இந்த பட்ஜெட் வருஷத்துக்குள்ளேயே வருது. இரண்டாம் தவணை 31-ஐ 2027 ஏப்ரல்லயே வாங்குங்க, வருஷக் கடைசிக்குத் தள்ளினா அதுங்க ஏழு வயசைத் தாண்டிடும்.

இரண்டாம் சுற்றுல வருஷத்துக்கு 24:
2030-31: 30-ல 24. மீதி 6
2031-32: அந்த 6 + 31-ல 18. மீதி 13
2032-33: அந்த 13 + 18-ல 11. மீதி 7
2033-34: அந்த 7 + 17 = 24

எந்த மெஷினும் அஞ்சு வருஷத்தைத் தாண்டாது. அதுக்கப்புறம் நிரந்தரமா வருஷத்துக்கு 24.

பணத்துல: 24 × 62,000 = 14,88,000. 96 பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு மாசம் 1,292 ரூபாய். விலையேற்றத்துக்கு 10 சதவீதம் சேர்த்து 1,420-ன்னு வைங்க. முதல் ரெண்டு வருஷம் 30, 31 வாங்கறதால இதைவிடக் கூடும், அடுத்த ரெண்டு வருஷம் குறையும். நாலு வருஷத்துக்கும் சேர்த்துப் பார்த்தா அதே தொகைதான். புதுசா ஆள் சேர்ந்தா வர லேப்டாப் இதுல சேராது, அது அந்தத் துறை பட்ஜெட். ரெண்டையும் கலந்தா ஆறு மாசத்துல மாற்று நிதி காணாமப் போயிடும்.

அல்சூர்_அட்மின் எழுதியது:

இது தெளிவு, நன்றி அண்ணே. இந்த 1,420-ஐ எங்கள் மாதாந்திர சேவை பில்லிலேயே சேர்த்து வாங்கி, எங்களிடமே நிதியாக வைத்துக்கொள்ளலாமா? கிளையன்ட் அதற்குத் தயார் என்கிறார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

செய்ய வேண்டாம். சேவைக்காக வாங்கும் முன்பணத்துக்கு வாங்கிய மாதமே ஜிஎஸ்டி கட்ட வேண்டும்; சரக்குக்காக வாங்கும் முன்பணத்துக்கு அப்போது வேண்டியதில்லை. சேவை பில்லுக்குள் கலந்துவிட்டால் அது சேவையாகவே பார்க்கப்படும். மேலும் அது கிளையன்டின் பணம். ஒப்பந்தம் முறிந்தால் திருப்பித் தரும் சிக்கல் உங்கள் தலையில் விழும். கிளையன்டின் வங்கியிலேயே தனி வைப்பாக இருக்கட்டும். அப்படி ஒதுக்கி வைப்பது அவர் கணக்கில் செலவாகாது என்பதையும் சொல்லிவிடுங்கள். எதிர்காலக் கொள்முதலுக்கான ஒதுக்கீடு வரிக்கழிவு தராது.

கழிவு வருவது தேய்மானத்தில். இங்கே இரண்டு கணக்கு உண்டு, குழப்பக் கூடாது. கம்பெனிச் சட்டம் 2013, அட்டவணை இரண்டின்படி லேப்டாப், டெஸ்க்டாப் போன்றவற்றுக்கு ஆயுள் 3 ஆண்டு, சர்வர் மற்றும் நெட்வொர்க்குக்கு 6 ஆண்டு. வருமான வரியில் கணினிக்குக் குறையும் மதிப்பில் 40 சதவீதம். முதல் ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதி, அதாவது 20 சதவீதம்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘பயன்பாட்டுக்கு வந்த தேதி’. இன்வாய்ஸ் தேதி அன்று. பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருந்தால் பயன்பாட்டுக்கு வந்ததாகாது. செப்டம்பர் 30-க்குள் ஆட்களிடம் கொடுத்து முடித்துவிட்டால் தகராறே இல்லை. ஒப்படைப்புப் படிவத்தில் தேதியும் சீரியலும் இருக்கட்டும். ஆடிட்டில் கேட்பது அதைத்தான்.

இதன் பண மதிப்பு: 24 லேப்டாப், 14,88,000. 40 சதவீதம் என்றால் 5,95,200. 20 சதவீதம் என்றால் 2,97,600. வித்தியாசத்துக்கு 25.17 சதவீத வரி போட்டால் சுமார் 75,000 ரூபாய் அந்த ஆண்டு கூடுதலாகக் கட்ட நேரும். இது இழப்பு அன்று, பிந்தைய ஆண்டுகளில் கிடைத்துவிடும். ஆகவே மார்ச்சில் 75,000-ஐ விட மிகுதியான தள்ளுபடி வந்தால் மார்ச்சிலேயே வாங்கலாம். தேய்மானத்துக்காக நல்ல விலையை விடாதீர்கள்.

இன்னொன்று: லேப்டாப்பின் ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரவு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைத் தாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) எடுத்தால் அந்த வரித்தொகையை மதிப்பில் சேர்த்துத் தேய்மானம் கேட்கக் கூடாது. இரண்டில் ஒன்றுதான். ஏப்ரல் 1, 2026 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருவதால் பழைய பிரிவு எண்களை ஒப்பந்தத்திலோ படிவத்திலோ எழுதியிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒசூர்_எல்லை எழுதியது:

சரி, ஸ்பேர் பற்றிச் சொன்னதை ஏத்துக்கறேன். அப்போ வாடகைக்கு எடுத்தா? 36 மாசம், மாசத் தவணை, இந்தச் சுழற்சித் தலைவலியே இல்லையே.

ரேக்42 எழுதியது:

வாடகை நல்ல வழிதான், ஆனா மூணு விஷயம் பார்க்கணும். உதாரணத்துக்கு மாசம் 2,150-ன்னா 36 மாசத்துல 77,400, மெஷினும் உங்களுது இல்ல. சொந்தமா வாங்கினா 62,000-க்கு நாலு அஞ்சு வருஷம். ஆள் எண்ணிக்கை ஏறி இறங்குற ப்ராஜெக்ட் கம்பெனிக்கு வாடகை, நிலையான கம்பெனிக்குச் சொந்தம்.

ரெண்டாவது, ஒப்பந்தம் தானா நீடிக்கிற விதி. முடியறதுக்கு இத்தனை நாள் முன்னாடி எழுதித் தரலேன்னா இன்னும் சில மாசம் ஓடும்னு இருக்கும், பல ஒப்பந்தத்துல அது 90 நாள். அந்தத் தேதியைப் பதிவேட்டுல முடிவுத் தேதிக்குப் பக்கத்துலயே எழுதுங்க.

மூணாவது, திருப்பித் தரும்போது சார்ஜர் காணோம், மூடியில கீறல்னு பிடிக்கிற தொகை. வாங்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுத்து சீரியலோட வைங்க.

நடுராத்திரி_பேட்ச் எழுதியது:

சர்வர் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. பெட்டி விலையை மட்டும் போட்டுட்டு லைசென்ஸை மறக்கறது ரொம்ப சகஜம். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு கோர் கணக்கு: ஒரு பிராசசருக்குக் குறைஞ்சது 8, ஒரு சர்வருக்குக் குறைஞ்சது 16. அதுக்கு ரெண்டு விர்ச்சுவல் மெஷின் (ஒரே சர்வருக்குள்ள தனித்தனியா ஓடுற கணினி) உரிமை. மூணாவது வேணும்னா எல்லா கோருக்கும் இன்னொரு தடவை வாங்கணும். அதனால 24 கோர் பிராசசர் கொஞ்சம்தான் விலை கூடுதல்னு கோட்ல (விலைப்புள்ளி) பார்த்து ஏமாறாதீங்க. ஒரே 16 கோர் போதும்.

அப்புறம் சிஏஎல், அதாவது சர்வரைப் பயன்படுத்த ஆளுக்கோ கருவிக்கோ ஒண்ணுன்னு வாங்குற உரிமம். 2016-க்கு வாங்கின சிஏஎல் 2022-க்கோ 2025-க்கோ செல்லாது. 96 யூசர் சிஏஎல் புதுசா வரும். ரிமோட் டெஸ்க்டாப் வெச்சிருந்தா அதுக்குத் தனி சிஏஎல். எஸ்கியூஎல் ஸ்டாண்டர்டு கோர் வழின்னா ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குக் குறைஞ்சது 4 கோர். 96 பேருக்கு சர்வர்-சிஏஎல் வழியா கோர் வழியான்னு ரெண்டு கோட்டும் வாங்கி ஒப்பிடுங்க. கணக்கு மென்பொருள் தர்றவங்க எந்த எஸ்கியூஎல் பதிப்பு வரைக்கும் ஆதரவு தர்றாங்கன்னு எழுத்துல வாங்காம எதையும் ஆர்டர் பண்ணாதீங்க. ஜூலைக் கெடு அங்கதான் சிக்கும்.

ரேக்42 எழுதியது:

ஃபயர்வால்: நவம்பர்ல மூணு வருஷ சந்தா போட்டா தள்ளுபடின்னு வருவாங்க. அந்த மாடலோட விற்பனை நிறுத்த அறிவிப்பைப் பாருங்க. ஃபோர்டிநெட், சிஸ்கோ ரெண்டுலயும் விற்பனை நிறுத்தத்துல இருந்து சுமார் அஞ்சு வருஷம் ஆதரவு. அந்தக் கடைசித் தேதி சந்தாக் காலத்துக்குள்ள விழுந்தா மூணு வருஷம் போடாதீங்க. ஒரு வருஷம் போட்டுப் பழசைக் கொடுத்துப் புதுசு வாங்குற திட்டம் கேளுங்க. ஃபோர்டிநெட்டோட ஃபயர்வாலான ஃபோர்டிகேட்ல 2 ஜிபி ராம் இருக்கிற சின்ன மாடலா இருந்தா பதிப்பு 7.6-ல எஸ்எஸ்எல் விபிஎன் (வெளியில இருந்து ஆபீஸ் நெட்வொர்க்ல பாதுகாப்பா இணையற வழி) கிடையாது. வீட்டுல இருந்து இணையறவங்க அதைத்தான் நம்பியிருந்தா இன்னொரு விபிஎன் முறையான ஐபிசெக்குக்கு மாத்துற வேலை நேரத்தையும் பட்ஜெட்ல சேர்க்கணும்.

யூபிஎஸ்: 2022 பேட்டரின்னா காலம் முடிஞ்சது. அந்த அறையில ஏசி ராத்திரி அணையுமான்னு பாருங்க. பெங்களூரு வெளியில குளிர்ந்தாலும் மூடின அறைக்குள்ள 35 டிகிரி சர்வசாதாரணம், 25-க்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரி ஆயுள் பாதியாகும். 16-ஐயும் சேர்த்துத்தான் மாத்தணும். செத்த ரெண்டை மட்டும் மாத்தினா தொடர்ல இருக்கிற பழசு புதுசையும் கெடுத்துடும். ஒண்ணு 4,000-ன்னு போட்டா 64,000, மூணு வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் 1,778. பழைய பேட்டரியைத் திருப்பி எடுத்துக்கிற விலையையும் சேர்த்தே கோட் கேளுங்க.

நாஸ்: நாலு டிரைவும் 2019-ஆ இருந்தா இந்த வருஷமே. ஒண்ணு விழுந்து ரீபில்டு (புது டிரைவுக்கு டேட்டாவைத் திரும்ப எழுதறது) ஓடும்போது அதே வயசு இன்னொண்ணு விழும், ஒரு டிரைவ் போனா மட்டும் சமாளிக்கிற ரெய்டு 5 அதைத் தாங்காது. ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட் ஆறேழு வருஷம், ஃபர்ம்வேர் வர்ற வரைக்கும் விடலாம்.

எஸ்பி_ரோடு_பக்கம் எழுதியது:

வாங்கறதையே பேசிக்கிட்டு இருக்கீங்க, வெளிய போறதையும் பட்ஜெட்ல எழுதுங்க சாமி. 30 மெஷின் வெளிய போகும்.

எஸ்பி ரோட்டுல (பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) மொத்தமா தூக்கிக் குடுத்தா கையில காசு உடனே வரும். ஆனா டிஸ்க்கோட போச்சுன்னா உங்க கிளையன்டோட கிளையன்ட் கணக்கெல்லாம் தெருவுல. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல பாதுகாப்பு ஏற்பாடு தவறினா அபராதம் 250 கோடி வரைக்கும் போகும்.

ஒழுங்கு இது. முதல்ல இன்ட்யூன் (மைக்ரோசாஃப்டோட மெஷின் நிர்வாக சேவை), ஆட்டோபைலட்ல இருந்து நீக்கு. பயாஸ் பாஸ்வேர்டு எடு. மேக்புக் இருந்தா ஆக்டிவேஷன் லாக்கை விடுவி. இதைச் செய்யாம வித்தா வாங்கினவன் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து போடுவான், பாதி விலை கேப்பான். அப்புறம் அழிப்பு. பழைய ஹார்டு டிஸ்க்குக்கு முழுசா ஒரு தடவை மேலெழுதினா போதும். எஸ்எஸ்டிக்கு மேலெழுதறது சரிவராது, ஒதுக்கி வெச்ச பகுதியில டேட்டா தங்கும். சானிடைஸ் கட்டளை (டிரைவே தன்னை முழுசா அழிச்சுக்கிறது), இல்லேன்னா கிரிப்டோ இரேஸ் (டேட்டாவைப் பூட்டின மறைச்சாவியை அழிக்கிறது). டெல் பயாஸ்ல டேட்டா வைப், எச்பியில செக்யூர் இரேஸ்னு இருக்கும். சான்றிதழ்ல லேப்டாப் சீரியல் மட்டும் போதாது, டிரைவ் சீரியலும் வேணும். 30 லேப்டாப், 30 டிரைவ், 30 வரி. ஒண்ணு குறைஞ்சாலும் வண்டியை அனுப்பாதீங்க.

ஓடாததை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமான சிபிசிபி-யில பதிவான ரீசைக்கிளர் கிட்ட மட்டும் குடுங்க. மின்கழிவு விதிகள் 2022-படி வருஷத்துல குறைஞ்சது 1,000 கருவி பயன்படுத்தற நிறுவனம் மொத்தப் பயனாளர், அதுக்குக் கட்டாயம். உங்க கிளையன்ட் அந்த அளவுக்கு இல்ல. ஆனாலும் பதிவான ஆள்கிட்ட ரசீது இருந்தா நாளைக்கு ஒருத்தரும் கேள்வி கேக்க முடியாது. உப்பின பேட்டரியைத் தனியா எடுத்து வைங்க, மத்ததோட அடுக்காதீங்க.

அல்சூர்_அட்மின் எழுதியது:

ஓடும் மெஷினை ஊழியர்களுக்கே 8,000-க்குக் கொடுக்கலாமா என்று கிளையன்ட் கேட்கிறார். வரிச் சிக்கல் உண்டா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

கொடுக்கலாம். இரண்டு கணக்கு பார்க்க வேண்டும்.

ஜிஎஸ்டி: வரவு எடுத்த மூலதனப் பொருளை விற்றால் இரண்டில் எது கூடுதலோ அதைக் கட்ட வேண்டும். ஒன்று, விற்பனை மதிப்பின் மீது 18 சதவீதம். மற்றொன்று, எடுத்த வரவில் இன்வாய்ஸ் தேதியிலிருந்து ஒவ்வொரு காலாண்டுக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 5 சதவீதம் கழித்த மீதி. 62,000 லேப்டாப்பில் எடுத்த வரவு 11,160. நான்கு ஆண்டில் 16 காலாண்டு, 80 சதவீதம் கழிந்து மீதி 2,232. 8,000-க்கு 18 சதவீதம் 1,440. ஆகவே 2,232 கட்ட வேண்டும். ஐந்து ஆண்டு முடிந்தால் மீதி பூச்சியம், அப்போது 1,440 மட்டும். இப்போது வெளியேறும் 9-ம் 21-ம் ஐந்தைத் தாண்டியிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. 2021 மார்ச் இன்வாய்ஸ் என்றால் ஏப்ரல் வரை பொறுத்துக் கொடுங்கள்.

ஊழியர் பக்கம்: இப்போதைய விதியில் கணினியை ஊழியருக்குக் கொடுக்கும்போது முழுமையாக முடிந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 50 சதவீதம் குறைத்து மதிப்பிட வேண்டும். நான்கு ஆண்டில் 62,000 என்பது 3,875 ஆகிவிடும். ஊழியர் 8,000 தருவதால் சலுகை வருமானம் எதுவும் எழாது. இலவசமாகக் கொடுத்தால் அந்த 3,875 அவர் சம்பள வருமானத்தில் சேரும்.

எஸ்பி_ரோடு_பக்கம் எழுதியது:

ஊழியருக்குக் குடுத்தாலும் டிஸ்க் அழிப்பு உண்டு. ‘அவரோட மெஷின்தானே’ன்னு விட்டுடாதீங்க. மெஷினோடயே வந்த விண்டோஸ் ப்ரோ ஓஈஎம் உரிமை மெஷினோட போகும். கம்பெனி வாங்கின எம்365, டேலி, ஆன்டிவைரஸ் போகாது, எல்லாத்தையும் கழட்டிடுங்க.

அல்சூர்_அட்மின் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கிளையன்டுக்குப் போகும் தாளை இப்படி மாற்றியிருக்கிறேன். தவறு இருந்தால் சொல்லுங்கள்.

தள்ள முடியாதவை: 9 லேப்டாப் (பிப்ரவரி), சர்வரும் எஸ்கியூஎல்லும் 96 சிஏஎல்லும் (பிஓ மார்ச், மாற்றம் ஜூன் நடுவுக்குள்), யூபிஎஸ் பேட்டரி 16 (மார்ச்), நாஸ் டிரைவ் 4 (ஏப்ரல்), 18 லேப்டாப்புக்கு வாரன்டி நீட்டிப்பு (முதல் மெஷினின் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பு மொத்தமாக).

தள்ளினால் எழுத்தில் ஒப்புதல் தேவை: 21 லேப்டாப் (ஆர்டர் மே, ஒப்படைப்பு செப்டம்பர் 30-க்குள்). தள்ளினால் எந்த மெஷினுக்கு பயாஸ் திருத்தம் வராது என்ற பட்டியலை இணைத்து அவர் கையெழுத்து.

காத்திருக்கலாம்: ஸ்விட்ச், ஆக்சஸ் பாயின்ட், மானிட்டர்.

ஸ்பேருக்கு 4 லேப்டாப். பழையதிலிருந்தா, புதியதிலிருந்தா?

நடுராத்திரி_பேட்ச் எழுதியது:

புதுசுல இருந்து எடுங்க சார். 34-ஆ ஆர்டர் போட்டு 4-ஐ ஸ்பேரா வைங்க. பழசை ஸ்பேரா வெச்சா தேவைப்படற நாள்ல அதுக்கே பேட்டரி இருக்காது. மாசத்துக்கு ஒரு தடவை ஆன் பண்ணி அப்டேட் ஓட்டிட்டு, சார்ஜை 50, 60 சதவீதத்துல நிறுத்திப் பூட்டி வைங்க. 65 வாட் டைப்-சி சார்ஜர் அஞ்சு தனியா வாங்கிப்போடுங்க, முதல்ல தொலையறது அதுதான்.

ரேக்42 எழுதியது:

தாள் சரியா இருக்கு. ஒரே ஒரு திருத்தம்: பிப்ரவரில வாங்கற 9-ம் மே மாச 21-ம் ஒரே மாடலா இருக்கட்டும், ஆனா விலையை முன்கூட்டியே பேசி ஒரே விலை ஒப்பந்தமா வாங்குங்க. மெமரி விலை போற போக்குல மே மாசம் அதே கோட் வராது. 30-க்கும் இப்பவே விலை எழுதி வாங்கி, டெலிவரியை மட்டும் ரெண்டு தவணையா கேளுங்க. ஒத்துக்கலேன்னா 21-ஐயும் ஏப்ரல் முதல் வாரத்துலயே எடுத்துடுங்க.